கலெக்டர் ஆபீசுக்கு வழி

பத்துப்பாட்டு என்று நம்முடைய பழைய இலக்கியத்தில் ஒரு தொகுதி இருக்கிறது. அதிலுள்ள பத்துப் பாட்டுகளில் ஐந்து, வழி சொல்லும் பாட்டுகள். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயருள்ள மலைபடுகடாம், ஆக ஐந்து. ஒரு வள்ளலிடம் போய்ப் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கலைஞன், எதிரே வாடிய முகத்தோடு வரும் இன்னொரு கலைஞனை நிறுத்தி, அந்த வள்ளலின் ஊருக்கு எப்படிப் போவது என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. அதில் பெரும்பகுதி வழிக்கே போய்விடுகிறது. எந்த மலைச் சரிவில் கால் வழுக்கும், எங்கே இராத் தங்கலாம், யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் செங்கண்மாவில் இருக்கும் நன்னனுடைய வாசல் வந்து சேர்கிறது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. வழி சொல்கிறவன் நன்னனுடைய உத்தியோகஸ்தன் அல்ல. அதே பாதையில் அதே பசியோடு நடந்து போய்த் திரும்பி வந்தவன். அரண்மனைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு வழுக்குப்பாறை எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாகச் செய்து வைத்திருக்கும் ஜனங்களாகிய நமக்கு, இன்று ஒரு சர்க்கார் காரியாலயத்துக்கு ஒழுங்காக வழி சொல்ல ஆள் இல்லை. இது சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸ் எங்கே இருக்கிறது, அங்கே எப்படி வருவது என்று சொல்வது, வரவேற்பு அறையில் பூச்சாடி வைப்பதைப் போன்ற உபசாரம் அல்ல. அது ஆட்சியின் முதல் கடமை. அந்தக் கடமையை நாம் காரில் வருகிறவர்களுக்கு மட்டும் செய்துகொண்டிருக்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு.

பெரம்பலூரையும் அரியலூரையும் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு ஜில்லாத் தலைநகரங்கள். இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெரம்பலூர், சென்னையிலிருந்து திருச்சி போகும் பெரிய ராஜபாட்டையில் இருக்கிறது. ஆனால் அங்கே ரயில் கிடையாது. அரியலூரில் ரயில் உண்டு. ஆனால் அந்த ராஜபாட்டை அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு, மாயவரம், தஞ்சாவூர் என்று வளைந்து போகாமல் விருத்தாசலம் வழியாக நேராக ஒரு பாதை போட்டார்கள். வில் வளைவுக்கு நாண் கட்டின மாதிரி இருப்பதால் அதற்குக் கார்டு லைன் என்று பெயர். அந்த நாணில் தொங்குகிற ஊர் அரியலூர். ஆக, ஓர் ஊருக்கு ரோடு, ஓர் ஊருக்கு ரயில் என்று பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக ஒரு ரயில் பாதை வேண்டுமென்று அந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது தனிக் கதை.

இந்த மாதிரி ஊர்களைப் பற்றிய கையேடுகளில் 'வருவது எப்படி?' என்று ஒரு பகுதி இருக்கும். அதன் லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாலை வழி என்றால் தேசிய நெடுஞ்சாலையின் பெயர். ரயில் வழி என்றால் 'அருகிலுள்ள ரயில் நிலையம் அரியலூர்.' விமான வழி என்றால் 'அருகிலுள்ள விமான நிலையம் திருச்சி.' அவ்வளவுதான். பட்டாவில் தகப்பனார் பெயரைத் திருத்தவேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு வருகிற குடியானவர் விமானத்தில் வந்து இறங்குவார் என்று எதிர்பார்க்கிற பெருந்தன்மையை நான் மெச்சுகிறேன். ஆனால் அவர் எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்களே!

காரில் வருகிறவரைப் பற்றிக் கவலை இல்லை. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை என்று பச்சைப் பலகைகள் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும். ஒவ்வொரு ஊரும் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று சர்க்காரே எழுதி வைத்திருக்கிறது. வழி தவறினால் திரும்புவதற்கு இடம் விட்டிருக்கிறது. ஆனால் அதே ராஜபாட்டையில் தூரத்து பஸ்ஸில் வருகிறவர், ஊருக்குள் போகாத வண்டியாக இருந்தால், மூட்டையோடு பாட்டை ஓரத்தில் இறக்கிவிடப்படுகிறார். அங்கிருந்து எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று அவருக்காக ஒரு பலகை இல்லை.

ரயிலில் வருகிறவர் பாடு இன்னும் விசேஷம். 'ரயில் நிலையம் அரியலூர்' என்று எழுதியவர், எந்த வண்டி என்று எழுதவில்லை. மத்தியானம் எழும்பூரில் புறப்படும் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால், அரியலூரில் இறங்கும்போது குமாஸ்தாக்கள் மேஜையைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். ராத்திரி வண்டியில் வந்தால், காரியாலயம் திறக்கப் பல மணி நேரம் பிளாட்பாரத்தில் கொசுவோடு பேசிக்கொண்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகு பெரம்பலூர் போகவேண்டியவர் பஸ் நிலையத்தைத் தேடவேண்டும். இவ்வளவும் 'அருகிலுள்ள' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிறது. 30 கிலோமீட்டர், கார் வைத்திருப்பவருக்கு அரை மணி. பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு அரை நாள்.

நிஜமாக இந்த ஆபீஸ்களுக்கு வருகிறவர்கள் யார்? திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அன்றைக்குப் போய்ப் பாருங்கள். ஆண்டிமடம் பக்கத்திலிருந்து முந்திரித் தோப்புக் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு வந்த பெண்பிள்ளை; பச்சைமலை அடிவாரத்திலிருந்து முதியோர் உதவித் தொகை நின்றுபோய்விட்டதென்று வந்த கிழவர்; கொள்ளிடக் கரையிலிருந்து வரப்புத் தகராற்றோடு வந்த அண்ணன் தம்பிகள். இவர்களில் எத்தனை பேர் தேசிய நெடுஞ்சாலையின் நம்பரைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள்? அந்த நம்பரையும் ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. நாற்பத்தைந்து என்று பழகியிருந்ததை முப்பத்தெட்டு என்று ஆக்கிவிட்டார்கள்.

நம்பர் மாறினால் போகட்டும், ஆபீஸே மாறினால்? ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். 1995 வரையில் அவருக்குக் கலெக்டர் என்றால் திருச்சி. அந்த வருஷம் பெரம்பலூர் தனி ஜில்லா ஆயிற்று. அவர் அரியலூரைத் தாண்டி இன்னும் 30 கிலோமீட்டர் போய்ப் பெரம்பலூரைப் பழக்கப்படுத்திக்கொண்டார். 2001 ஜனவரி முதல் தேதி அரியலூர் ஜில்லா பிறந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். 2002 மார்ச் கடைசியில் அந்த ஜில்லாவைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மறுபடியும் பெரம்பலூர் பஸ். 2007 நவம்பர் 23-ம் தேதி அரியலூர் ஜில்லா மறுபடியும் பிறந்தது. பன்னிரண்டு வருஷத்தில் நான்கு தடவை அவருடைய கலெக்டர் ஊர் மாறிவிட்டார். பெரியவர் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

ஜில்லாக்களைப் பிரிக்கவேண்டுமா, சேர்க்கவேண்டுமா என்பதை நான் இங்கே பேச வரவில்லை. அதற்கு ராஜ்ய காரணங்களும் கஜானாக் காரணங்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் சர்க்கார் கெஜட்டில் போட்டதோடு தன் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டதே, அதைத்தான் கேட்கிறேன். நாலு தடவை கோப்புகளை லாரியில் ஏற்றி அனுப்ப வழி தெரிந்தவர்களுக்கு, நாலு தடவை ஜனங்களுக்கு வழி சொல்லத் தோன்றவேண்டாமா?

எனக்கே சில வருஷங்களுக்கு முன் ஒரு கடிதம் வந்தது. எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். குடும்ப நிலம் ஒன்றைப் பற்றிய விசாரணை. இன்ன தேதி, இன்ன மணிக்கு நேரில் ஆஜராகவேண்டும். தவறினால் இருக்கும் ஆவணங்களைக் கொண்டு முடிவு செய்யப்படும் என்று மிரட்டல் எல்லாம் சுத்தமான தமிழில் இருந்தது. கோப்பு எண் ஒன்றரை வரிக்கு நீண்டது. ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது மட்டும் இல்லை. அரியலூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு நிற்கையில், அதே மாதிரி காகிதம் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு விவசாயியைச் சந்தித்தேன். "ஐயா, நேத்து பெரம்பலூருக்குப் போனேங்க. இது அரியலூரு சேர்ந்ததுன்னாங்க. இங்க வந்தா, இந்தக் கட்டடம் இல்லே, வேற கட்டடம்ங்கறாங்க. தேதி நேத்தோட போயிடுச்சுங்களே" என்றார். அவருடைய கேஸில் நியாயம் அவர் பக்கமா, எதிரி பக்கமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நியாயம் பேசுவதற்கு முன்பே அவர் தோற்றுப்போயிருந்தார். வழி தெரிந்த எதிரி நேற்றே போய் உட்கார்ந்திருப்பான்.

இங்கேதான் தரகர் வருகிறார். லஞ்சத்தைப் பற்றி நாம் மேடைமேடையாகப் பேசுகிறோம். ஏழை கொடுக்கிற முதல் லஞ்சம் காரியத்துக்காக அல்ல, வழிக்காக. எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த ஜன்னல், எந்தக் கிழமை என்பது தெரிந்தவன் ஒருவன் வாசலில் நிற்கிறான். அவனுக்கு நூறோ இருநூறோ கொடுத்தால் கூட்டிக்கொண்டு போகிறான். அவன் விற்பது அதிகாரத்தை அல்ல; சர்க்கார் இலவசமாகச் சொல்லியிருக்கவேண்டிய நாலு வரிச் செய்தியைத்தான். அந்த நாலு வரியை வாசலில் எழுதிப் போட்டால் பாதித் தரகர்கள் வேறு தொழில் தேடுவார்கள்.

ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். "இந்தக் காலத்தில் கைபேசியில் படம் இருக்கிறதே, அது வழி காட்டாதா?" என்பார்கள். காட்டும். கட்டடம் எங்கே நிற்கிறது என்று காட்டும். அங்கே போகிற டவுன் பஸ் எது என்று எல்லா ஊரிலும் அது சொல்வதில்லை. தன் கிராமம் எந்த ஆபீசைச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. மனு வாங்குகிற மேஜை எந்தப் பக்கம், முடியாதவர்கள் மாடி ஏறாமல் மனுக் கொடுக்க வழி உண்டா என்றால் அது விழிக்கும். 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆபீஸ் வாசலுக்குப் போகிற பஸ்களில் அந்த பஸ் எது என்று சொன்னால்தானே அந்தப் பெண்பிள்ளைக்கு அது பயன்படும்? தவிரவும், கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற கண் எல்லாக் கிழவர்களுக்கும் இல்லை.

"வாயிருந்தால் வங்காளம் போகலாமே, விசாரித்துக்கொண்டு வரட்டும்" என்பார்கள் இன்னும் சிலர். விசாரிக்கத்தான் செய்கிறார்கள். கண்டக்டரை, டீக்கடைக்காரரை, பெட்டிக்கடை அம்மாளை விசாரிக்கிறார்கள். கலெக்டர் ஆபீசின் விசாரணைப் பிரிவு இன்று டீக்கடையில்தான் நடக்கிறது. சோற்றுக்கைப் பக்கம் திரும்பி, ஆலமரம் வரையில் போய், அப்புறம் பீச்சாங்கைப் பக்கம் என்று அந்த டீக்கடைக்காரர் சொல்கிற தெளிவில் கால் பங்கு, சம்பளம் வாங்குகிறவர்களின் கடிதத்தில் இல்லை. அவருக்கு அந்தத் தெளிவு எப்படி வந்தது? பழைய பாணனுக்கு வந்த மாதிரிதான். அவர் அந்தத் தெருவில் நடக்கிறார்.

"எப்படியோ எல்லோரும் வந்து சேர்ந்துவிடுகிறார்களே, திங்கட்கிழமை கூட்டத்தைப் பாருங்கள்!" என்பது மூன்றாவது ஆட்சேபம். வந்தவர்களை எண்ணி வழி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வது விசித்திரமான கணக்கு. வராதவர்களை யார் எண்ணினார்கள்? இதை 1855-ம் வருஷத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சென்னை ராஜதானியில் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று புகார் எழுந்து, அதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். இவ்வளவு கொடுமை நடந்தும் ஜனங்கள் ஏன் முறையிடவில்லை என்று ஆராய்ந்த அந்தக் கமிஷன், கலெக்டரிடம் நேரில் போவதற்கு அவர்கள் கடக்கவேண்டியிருந்த தூரத்தையும், அதனால் ஏற்பட்ட செலவையும் காலவிரயத்தையும் முக்கியக் காரணங்களாகச் சொல்லிற்று. கும்பினியார் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எழுதிய அறிக்கை அது. வழி இல்லாத இடத்தில் முறையீடும் இல்லை என்பது அவர்களுக்கே விளங்கிவிட்டது. 170 வருஷம் ஆகியும் நாம் கூட்டத்தைக் காட்டித் திருப்திப்படுகிறோம்.

சட்டத்துக்கும் இந்த விஷயம் புதிதல்ல. 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டப்படி, ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவர் வந்துபோகிற செலவுக்குப் பேட்டா கட்டவேண்டும். கூப்பிடுகிறவனுக்கு வழியில் பொறுப்பு உண்டு என்பதுதான் அதன் தாத்பரியம். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம், ஒவ்வொரு காரியாலயமும் தானாகவே வெளியிடவேண்டிய விஷயங்களைப் பதினேழு தலைப்புகளில் அடுக்குகிறது. உத்தியோகஸ்தர்களின் மாதச் சம்பளம்கூட அதில் ஒன்று. ஆக, தாசில்தாருக்கு என்ன சம்பளம் என்று நான் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அவரிடம் போய்ச் சேர எந்த நிறுத்தத்தில் இறங்கவேண்டும் என்பதற்கு டீக்கடைதான்.

ஜமாபந்தி என்ற ஏற்பாட்டில் இன்னும் பழைய நியாயம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய உத்தியோகஸ்தர் தாலுகாவுக்கு வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைப் பார்க்கிறார், மனு வாங்குகிறார். வழியைத் தேடவேண்டிய பொறுப்பு அன்றைக்கு அவருடையது. மற்ற நாட்களில் அந்தப் பொறுப்பைக் குடிமகன் தலையில் வைத்திருக்கிறோம். வைத்தது சரி, வழியையாவது சொல்லவேண்டாமா?

மனு வாங்குகிற நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர் வைத்தவர்களுக்கு நல்ல ரசனை. மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணி எங்கே கட்டியிருந்தது? அரண்மனை வாசலில். கன்றை இழந்த பசுவுக்குப் படிக்கத் தெரியாது; ஆனாலும் மணி இருக்குமிடம் அதற்குத் தெரிந்தது. அதே மணியை இரண்டாவது மாடியில், 'ஆ' பிரிவில், அறை எண் இல்லாத அறையில் கட்டியிருந்தால் அந்தப் பசு என்ன செய்திருக்கும்? சோழன் நீதிமான் என்ற பெயரும் நமக்குக் கிடைத்திருக்காது.

அரியலூர் என்ற பெயர் ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் ஒலித்தது. 1956 நவம்பர் 23-ம் தேதி விடியற்காலையில், வெள்ளம் வந்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட பிரயாணிகள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமாச் செய்தார். பாலத்தை அவர் கட்டவில்லை. வெள்ளத்தை அவர் அனுப்பவில்லை. டிக்கட் கொடுத்து ஏற்றிக்கொண்டவர்களுடைய வழிக்குத் தாம் பொறுப்பு என்று அவர் நினைத்தார். ஐம்பத்தோரு வருஷம் கழித்து அதே நவம்பர் 23-ம் தேதிதான் அரியலூர் ஜில்லா மறுபடியும் பிறந்தது. மரணத்தையும் மனுக் கொடுக்க வழி தெரியாமல் நிற்பதையும் ஒரே தராசில் நிறுத்துகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். டில்லியில் இருந்தவருக்கு அரியலூர் வழியில் பொறுப்பு உண்டென்றால், அரியலூரிலேயே இருப்பவருக்குத் தம் வாசல் வழியில் கொஞ்சம் பொறுப்பு இருக்கக்கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

செய்யவேண்டியது மலையைப் புரட்டுகிற காரியம் அல்ல. ஒவ்வொரு ஆபீசிலிருந்தும் போகிற ஒவ்வொரு கடிதத்தின் பின்புறத்திலும் பெரிய எழுத்தில் சில வரிகள் அச்சடிக்கட்டும். எந்தெந்தத் தாலுகாவைச் சேர்ந்தவர்கள் இங்கே வரவேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பழைய பஸ் நிலையத்தில் இறங்குவது, யார் புதிய பஸ் நிலையத்தில் இறங்குவது. அங்கிருந்து எத்தனை நிமிஷ நடை. எந்த டவுன் பஸ். எந்த வாசல், எந்த மாடி, எந்த மேஜை. ரயிலில் வந்தால் எந்த வண்டி. ஊர் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. கார் நிறுத்துமிடத்தைக் கடைசி வரியில் போட்டுக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. இதே வரிகளைப் பஸ் நிலையத்திலும், ரயில் நிலையத்திலும், ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலர் வாசலிலும் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். ஆபீஸ் இடம் மாறினால், பழைய கட்டடத்தின் வாசலில் புதிய கட்டடத்துக்கு வழி எழுதி ஐந்து வருஷமாவது வைத்திருக்கட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. இந்த வரிகளை ஆபீசில் உட்கார்ந்து எழுதக்கூடாது. எழுதப்போகிற உத்தியோகஸ்தர் ஒரு திங்கட்கிழமை தமது ஜீப்பை வீட்டில் நிறுத்திவிட்டு, டவாலிச் சேவகர் இல்லாமல், ஆண்டிமடத்துக்கு அப்பாலுள்ள ஏதாவது ஒரு கிராமத்திலிருந்து கையில் ஒரு மனுவோடு பஸ் ஏறி வரட்டும். எத்தனை இடத்தில் விசாரித்தார், எங்கே தப்பாக இறங்கினார், எந்த வாசலில் யார் விரட்டினார்கள் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் காகிதத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் போதும்.